கொட்டச் சொன்ன தண்ணீர்

"அது குப்பை, காந்திமதி. கொட்டிடு."

"குப்பைன்னா, பக்கத்து செல்லு எதுக்கு சார் அதை வாங்கி உள்ள வெச்சுக்கினு கீது?"

மூன்று வருஷத்துக்கு முந்தைய பேச்சு. டாக்டர் தணிகாசலம் அன்று அதைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு காந்திமதியின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இன்று அதே சங்கதியைத்தான் பதினோரு பக்கக் கட்டுரையாக டெல்லி மாநாட்டுக்கு அனுப்புகிறார். இந்த 1991 வரைக்கும் நாட்டிலேயே யாரும் செய்யாத வேலையாம். அவரே சொன்னார்.

வேலைக்கு வந்து நாலு நாளே ஆன சரோஜா கடைசித் தாளை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பியூன் சுப்பன் சைக்கிளோடு நின்றான். நாலு மணிக்குள் சுங்குவார்சத்திரம் தபால் ஆபீசில் சேர்க்க வேண்டும். இன்றைய தபாலை விட்டால் மாநாடு போச்சு.

காந்திமதி கையுறையை உருவிய வேகத்தில் அது கிழிந்தது.

ஆட்டு ரத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு மருந்து தயாரிக்கும் சின்ன கம்பெனி அது. பின்புறக் கொட்டகையில் பன்னிரண்டு ஆடுகள். விலங்கியல் படித்த காந்திமதிதான் விடிந்ததும் அவற்றின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். தொடர்ந்து சில நாள் ரத்தம் எடுத்தால், ஆட்டின் உடம்பு அவசர அவசரமாக இளம் சிவப்பணுக்களை அனுப்பும். அந்த இளசுகள் வளரும்போது வேண்டாததைக் கண்ணுக்குத் தெரியாத பைகளில் கட்டி வெளியே தள்ளும்.

குழாயில் ஊற்றிச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கும். பைகள் மேல் தண்ணீரில் மிதக்கும். அடியை வைத்துக்கொண்டு மேலே நிற்பதைக் கொட்டிவிடுவதுதான் எந்த லேபிலும் பழக்கம், சோறு வடிக்கிற மாதிரி.

ஒருநாள் கிடா ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு லேபுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அந்த அமளியில், தொட்டியில் கொட்ட வேண்டிய தண்ணீரைக் காந்திமதி பக்கத்திலிருந்த தட்டில் ஊற்றிவிட்டாள். மறுநாள் பார்த்தால், அந்தத் தட்டில் இருந்த வேறு வகைச் செல்கள் இளம் சிவப்பணுவின் அடையாளத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தப்புப் பண்ணிட்டே, கழுவி ஊத்து என்றார் டாக்டர்.

அவள் கழுவவில்லை. அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அதே தப்பை வேண்டுமென்றே பதினேழு தடவை செய்தாள். பதினேழு தடவையும் அதே அடையாளம்.

"சீக்காளி செல்லும் இப்டிப் பொட்டலம் கட்டி அனுப்பினா சீக்கு பரவாதா சார்? நாம மருந்தை வெச்சுக் கட்டினா சரியான வாசல்ல போய் நிக்காதா?" என்று அவள் கேட்ட பிறகுதான் அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

அந்தக் கேள்விதான் இப்போது கட்டுரையின் கடைசிப் பத்தி. இங்கிலீஷில் ஜம்மென்று இருந்தது.

தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது ஜெனரல் மேனேஜர். ஆட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருநாளும் மூக்கைக் காட்டாதவர்.

காந்திமதி முழங்கையிலிருந்த தழும்பைத் தடவினாள். கிடா உதைத்தது. கிடாவாவது நேருக்கு நேர் நின்று உதைத்தது.

கண்டுபிடித்தது யார் என்ற பேச்சை மூன்று வருஷமாக அவள் எடுக்கவில்லை. கேட்டுப் பெறுவதா, அவருக்கே தோன்றட்டும் என்று விட்டாள். தோன்றவே இல்லை.

சரோஜா தாளை உருளையிலேயே வைத்துப் படித்தாள். கடைசி வரி நன்றி. ஆடு தந்த பண்ணைக்கு, படம் எடுத்துக் கொடுத்த பட்டணத்து மைக்ராஸ்கோப்காரருக்கு, அப்புறம் என் மனைவியின் பொறுமைக்கு.

"சாரோட வூட்டுக்காரம்மா குடுத்து வெச்சவங்க, இல்லக்கா?" என்றாள் சரோஜா.

சுப்பன் குனிந்து, நன்றாகவே இருந்த சைக்கிள் செயினை நோண்ட ஆரம்பித்தான்.

காந்திமதி தாளை உருளையிலிருந்து உருவினாள். டைப்ரைட்டர் கர்ரென்று கத்தியது.

"என்ன காந்திமதி? டைம் ஆகுது" என்று உள்ளேயிருந்து வந்த டாக்டர் கை நீட்டினார்.

"ஏங்க" என்றாள்.

கம்பெனி கேட்டுக்குள் அந்தச் சொல்லை அவள் ஐந்து வருஷமாக எடுத்ததே இல்லை. உள்ளே வந்தால் நான் சார், நீ ஸ்டாஃப். இது அவர் போட்ட சட்டம். தினமும் காலையில் ஸ்கூட்டரை ஒரு பர்லாங் முன்னாலேயே நிறுத்தி அவளை இறக்கிவிடுவார். மீதி தூரத்தை அவள் புழுதியில் நடந்து வருவாள்.

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

காந்திமதி தாளை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"உங்க பொண்டாட்டிக்கு நன்றி வேணாங்க. அவ பேரை மேல போடுங்க."