குறட்டைக்கு ஒரு கையெழுத்து

முதலில் ஒரு 'கொர்ர்ர்'. அப்புறம் ஒரு ஊதல். நடுவில் மூச்சே நின்றுபோனது மாதிரி ஓர் அமைதி. மறுபடியும் 'கொர்ர்ர்'.

மருத்துவப் பத்திரிகை ஆபீசில் ஆளாளுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், ஆசிரியரம்மாவின் மேஜையில் தன் போனை வைத்துவிட்டு, கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இது தலையணைக்கு முன்னாடி மேடம். இப்ப, தலையணைக்குப் பின்னாடி கேளுங்க."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் தானே யோசித்துத் தைக்கச் சொன்ன தலையணை. கொடுத்தது மாமனாருக்கு. அதைப் பற்றித்தான் கட்டுரை. இந்த இதழில் வந்துவிட்டால் அடுத்த மாத இன்டர்வியூவில் பேராசிரியர் பதவி இவருக்கு. வராவிட்டால், காதில் எறும்பு போனால்கூட எடுக்கத் தெரியாத இன்னொருத்தருக்கு.

"கட்டுரை நல்லாருக்கு," என்றார் ஆசிரியரம்மா. "மாமனார் சம்மதிச்சாரா?"

"அவர் தூங்கிட்டு இருந்தார் மேடம். கட்டிலுக்கு அடியில போனை வெச்சுத்தான் பதிவு பண்ணேன். தூங்கறவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"முழிச்சப்புறம் கேக்கறது."

பேர் போடவில்லை, முகம் போடவில்லை, வெறும் சத்தம்தானே என்று டாக்டர் எவ்வளவோ வாதாடினார். அம்மா அசையவில்லை. மூக்கில் பட்டாணி மாட்டிக்கொண்ட குழந்தையைப் பற்றி ஒரு பெரிய டாக்டர் எழுதியதையே, தாயைக் கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ, அவர் முழுவதும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அச்சேறாது.

பட்டாணிக்கெல்லாம் மானம் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் வீட்டுக்கு வந்தார்.

கூடத்தில் மாமனார் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் விஷயத்தைச் சொல்லிக் கட்டுரையை நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போட முடியாது மாப்பிள்ளை."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்ணையே கொடுத்த மனுஷர், ஒரு கையெழுத்துக்கு இப்படி யோசிக்கிறாரே.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "போட்டுக் குடுங்களேன். உங்க குறட்டையில நான் எத்தனை ராத்திரி திடுக்குனு முழிச்சிருக்கேன். பத்திரிகையில வந்தாலாவது உங்களுக்கு உறைக்கட்டும்."

மாமனார் சரி சரி என்று தலையாட்டினார். உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கியதும் டாக்டர் பக்கம் சாய்ந்தார்.

"தலையணை நல்லாத்தான் வேலை செய்யுது மாப்பிள்ளை. ஆனா அதுல படுக்கற தலை என்னோடது இல்லை."

டாக்டர் சமையலறையைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல, அவ சத்தத்துல அவளே முழிச்சுக்கிட்டு, 'நீங்களா?'ன்னு கேட்டா. பாவம், வெக்கப்படுவாளேன்னு ஆமான்னுட்டேன். அப்படியே ஓடிப்போச்சு. நீங்க குடுத்த தலையணையையும் அவ தூங்கினப்புறம் அவ தலைக்கு மாத்தி வெச்சிடறேன். கையெழுத்துப் போட வேண்டியவ அவதான். வேணும்னா போய்க் கேளுங்க. நான் தடுக்க மாட்டேன்."

மிக்ஸி நின்றது. அத்தை கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்து, போட்டாரா இல்லையா என்று கேட்டாள்.

பேராசிரியர் நாற்காலி ஒரு தடவை டாக்டரின் கண்ணெதிரே வந்து போனது. கட்டுரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாமாவுக்கு வெக்கமா இருக்காம் அத்தை."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்துதாக்கும்," என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாதியில் விட்ட போர்வையை எடுத்து, ஒரு முனையை டாக்டரிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மடித்தார்கள்.