ஜிம்மிக்கு ஆகாத சத்தம்

"ஜிம்மி நடுங்கும் தம்பி. இந்த வருசமும் பட்டாசைக் கீழ பாடாங் திடல்ல கொண்டுபோய் வெடிச்சிக்கிங்களேன்" என்று அதிரசத் தட்டோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டு நீலாவதி.

புனிதனுக்குச் சுருக்கென்றது. அவனுக்குக் கல்யாணமான பிறகு முதல் தடவையாக மச்சான் மகேன் ஈப்போவிலிருந்து தீபாவளிக்கு வந்திருக்கிறான், அதுவும் ஆளுயரச் சரவெடியோடு. ஒரு நாய்க்குப் பயந்து சொந்த வாசலில் வெடிக்க முடியாதென்றால் மரியாதை என்ன ஆவது?

"நாய்க்கெல்லாம் ஓவரா பார்க்கிறீங்க லா அக்கா!"

"டேய், வாயில்லா ஜீவனை வதைக்காத. கீழ போய் வெடி" என்றார் அப்பா வீரப்பன். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோழி எலும்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நீலாவதியின் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜன்னலைச் சாத்தி, ரேடியோவை அலறவிட்டு, ஜிம்மியைப் போர்வைக்குள் வைத்து அணைத்துக்கொண்டால் பயம் தெளியுமாம். வருடா வருடம் அந்த உத்தியோகம் வீரப்பனுக்குத்தான். பெற்ற பிள்ளையைவிட நாய் உசத்தியாகிவிட்டது என்று புனிதனுக்குத் தீராத மனக்குறை.

இத்தனைக்கும் மனிதர் லேசுப்பட்ட ஆள் இல்லை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்தபோது, லோரியிலிருந்து குதித்து மூன்று பேரைக் கரையேற்றியவர். "மலையே உருண்டு வந்த மாதிரி ஒரு சத்தம்" என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

மகேனுக்கும் அந்த நாய்மேல் கடுப்பு. "காலையில எத்தன தடவ ஹோர்ன் அடிச்சேன் தெரியுமா மச்சான்? நடு ரோட்ல படுத்துக்கிட்டு அசையவே இல்ல லா. உங்கப்பா வந்துதான் தூக்கிட்டுப் போனாரு. இந்தத் திமிரு பிடிச்சதுக்கா பயம்?"

புனிதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரத்தை வாசலில் விரித்துப் பற்றவைத்தான்.

எதிரே தேயிலைச் சரிவில் மோதி, ஒவ்வொரு வெடியும் இரண்டாகத் திரும்பி வந்தது. மகேன் விசிலடித்தான். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து குதித்தார்கள்.

புகை கலைந்ததும் புனிதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. கிழட்டு நாய். நெஞ்சு வெடித்துச் செத்துக்கித்துத் தொலைத்திருந்தால்? செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

உள்ளறை மூலையில், கதவுக்கு முதுகைக் காட்டி அப்பா உட்கார்ந்திருந்தார். ஜிம்மியை நெஞ்சோடு சேர்த்துத் தலையோடு போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். போர்வை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

புனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க அக்கா. ஜிம்மி எப்படி நடுங்குது பாருங்க! கூறுகெட்டத்தனமா பண்ணிட்டேன்."

நீலாவதி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அறைக்கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

"ஜிம்மிக்குக் காது செவிடாகி மூணு வருசமாச்சு, தம்பி."