கூடுதலாய் மூன்று அங்குலம்

"கண்ணை எங்கே வச்சுட்டு வெட்டினீங்க அண்ணே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுப்பு இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. உள்ளே இறங்கி உட்கார வேண்டிய கம்பித் தட்டு, சுவரில் முட்டிக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. மூன்று அங்குலம் கூடுதல்.

வெல்டர் தலையைச் சொறிந்தார். வெல்டிங் பொறியிலேயே காலம் தள்ளியவர் என்பதால், எல்லாருக்கும் அவர் 'பொறி'தான்.

"வயசாச்சுல்ல தங்கச்சி. கை தப்பிடுச்சு."

"போன வாரம் சாம்பல் தட்டும் இதே மூணு இன்ச் கூட இருந்துச்சு. இரும்பு என்ன பிசைஞ்ச மாவா, அமுக்கினா அடங்குறதுக்கு?"

அவள் கணவர் சிரித்தார். நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடி இரண்டு வருடமாகிறது. இந்த அடுப்பு வேலைக்காகப் பழைய டேப்பைத் தேடி எடுத்து, மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"துணியா இருந்தா மடிச்சுத் தைச்சுடலாம். டேய் பொறி, நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பாத்துத்தானே வெட்டினே?"

"பாத்தேன்டா. ஏதோ ஞாபகத்துல தப்பா வெட்டிட்டேன்."

"அளவு எடுக்கிறது நான், வெட்டி ஒட்டுறது நீன்னுதானே பேச்சு? என் பாதி ஒழுங்கா இருக்கு. உன் பாதிதான் ஊத்திக்குது."

பொறி தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மகளும் குடும்பத்தோடு வருகிறார்கள். விறகில் கோழி சுட்டுத் தருவதாகத் தாத்தா பேரப்பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்குமுன் இரண்டு நாளாவது சின்னத் தீ போட்டு அடுப்பைக் காய வைக்க வேண்டும். இன்றைக்குப் புதன்.

இந்தப் பொறி அண்ணனை நம்பினால் பிள்ளைகள் கோழியைப் பச்சையாகத்தான் பார்ப்பார்கள். தனியாக நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அவள் அடுத்த தெருவில் இருந்த பட்டறைக்கே போனாள்.

சுவரில் ஒரு ஆணி. அதில் இரண்டு சீட்டுகள். இரண்டும் கணவரின் கையெழுத்து.

'கம்பித் தட்டு 27. சாம்பல் தட்டு 24.'

அவளுக்கு என்னவோ போல் இருந்தது. மேசையில் கிடந்த இரும்பு டேப்பை எடுத்துக் கம்பித் தட்டை அளந்தாள். இருபத்தேழு. மயிரிழை பிசகவில்லை.

"அண்ணே, அவர் எழுதினபடியேதானே வெட்டியிருக்கீங்க?"

பொறி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்துட்டியா."

"அப்புறம் ஏன் என்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினீங்க?"

"இவன் அண்ணனை நினைச்சுப் பாரு தங்கச்சி. கடைசியில பெத்த பிள்ளையவே யாருன்னு கேட்டாரு. அவருக்கு முதல்ல கணக்குத்தான் தப்புச்சு. அதுலேருந்து இவனுக்கு உள்ளுக்குள்ள பயம். மூக்குக் கண்ணாடியை வச்ச இடம் மறந்தாக்கூட முகம் வெளுத்துப்போகுது. ரெண்டு தடவை அளவு தப்புடான்னு நான் எந்த வாயால சொல்றது? தப்பு என் மேலயே இருக்கட்டும்."

அவள் இரும்பு டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தாள்.

"அவன் குளிக்கப் போனப்ப நூலை வச்சு அளந்துட்டு வந்துட்டேன். இந்தத் தடவை உக்காந்துடும். நீ ஒண்ணும் காட்டிக்காத."

வீட்டுக்கு வந்தவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் ஆனதும் பிரார்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

'கடவுளே, வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோ. நீ யாரும்மான்னு அவர் என்னைக் கேக்குற நாளை மட்டும் காட்டிடாதே.'

நேற்று விட்ட பக்கத்தைத் திறந்தாள். அடையாளத்துக்கு வைத்திருந்த மஞ்சள் நாடா நழுவி மடியில் விழுந்தது.

அதில் கறுப்பு எழுத்தில் 1, 2, 3.

போன வருடம் தையல் மேசையை ஒதுக்கியபோது, டேப்பின் நுனி, பித்தளைத் தகடு கழன்று, நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. இனிமேல் இதை யார் தொடப்போகிறார்கள் என்று அவள்தான் நறுக்கினாள். துண்டை எறிய மனம் வராமல் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அவர் அளவெடுக்கிற விதம் அவளுக்குத் தெரியாதா? கட்டைவிரல் தானாக நுனியைத் தேடிப் பிடிக்கும். கண் எதிர்க்கோடிக்குப் போய்விடும். நுனியில் என்ன எண் இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்படியானால் அவருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

பின்பக்கம் 'டங்' என்று சத்தம் கேட்டது. எழுந்து போனாள். தட்டு அடுப்புக்குள் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"என் அளவுப்படி ஒழுங்கா வெட்டினா ஏன்டா உக்காராது?" என்றார் கணவர்.

"சரிடா. என் தப்புத்தான்னு ஒத்துக்கிட்டேனே."

அவள் மஞ்சள் துண்டைச் செங்கல் மேல் வைத்தாள்.

பொறி அதைப் பார்த்தார். நண்பனின் கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து, நுனியைத் திருப்பிப் பார்த்தார். நாலில்தான் ஆரம்பித்தது. துண்டை அதோடு சேர்த்து வைத்தார். அவரிடமிருந்து நீளமாய் ஒரு மூச்சு வந்தது.

"என்னடா இது?" என்றார் கணவர், ஒன்றும் புரியாமல்.

அவள் பொறியைப் பார்த்துச் சொன்னாள்:

"கண்ணை எங்கேயோ வச்சுட்டு வெட்டினது நான்தான் அண்ணே."