அம்பு நிற்கக் கூடாது

அம்பு நின்றுவிட்டது.

அவள் கண்ணை மூடியதுதான் தாமதம். திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

"சுகந்தி, இருக்கீங்களா?"

எங்கே போய்விடப் போகிறாள். மவுஸை அசைத்தாள். அவள் பெயரைச் சுமந்துகொண்டு பச்சை அம்பு மறுபடி ஓடியது. சென்னையில் இருக்கும் மேனேஜர் அரவிந்தனின் நீல அம்பு திருப்தியாக விலகிப் போனது.

வீட்டிலிருந்தே டிசைன் வேலை என்றால் இதுதான். ஒரே பக்கத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். அம்பு ஓடினால் ஆள் வேலை செய்கிறாள். நின்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாள்.

யோசிப்பதற்கென்று தனியாக ஒரு அம்பு யாரும் தரவில்லை.

திரையில் அப்பளப் பாக்கெட். சிவப்புக்கு நடுவில் ஒரு சின்னப் பெண், இரண்டு கையாலும் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே இப்போதெல்லாம் சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஈரோட்டு அப்பளக் கம்பெனி முதலாளி சென்னியப்பனுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு அம்பு உண்டு. மஞ்சள். அது வந்து பெண்ணின் தலைமேல் நிற்கும். ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போகும்.

"ஏதோ குறையுதுங்க."

பெண்ணைப் பெரிதாக்கினாள். ஏதோ குறைந்தது. பாவாடையின் நிறத்தை மாற்றினாள். அப்பளத்தில் மிளகு தூவினாள். அப்பளத்தையே மாற்றினாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனாலும் ஏதோ..."

என்ன குறைகிறதென்று அவருக்கும் தெரியாது. கேட்டால் கோபம் வேறு.

காலையில் அரவிந்தன் போனிலேயே சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் அவர் சரி என்று சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். இது போனால் அடுத்ததைத் தரமாட்டார்கள். மறுபடியும் அவள் வீட்டில் சும்மா இருப்பவள் ஆகிவிடுவாள்.

கட்டிலில் பையன் முனகினான். காய்ச்சல். ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றியிருந்தாள். கணவன் மருந்துக் கம்பெனிப் பையோடு மதுரைப் பக்கம் போயிருந்தான்.

வாசலில் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் மருமகளா? உள்ள அம்பு ஓட்டிக்கிட்டு இருக்கா. ஆடு மாடு ஓட்டினாலும் ஒரு பிரயோசனம் உண்டு."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்த அம்பைக் கொஞ்சம் நிப்பாட்டினால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டவள்தான் மாமியார். நின்னா கேப்பாங்க அத்தை என்று இவள் சொன்னதை எந்தக் காதில் வாங்கினாளோ.

அப்பளப் பெண்ணை நடுவில் வைத்தாள்.

இன்னும் நடுவில் வைத்தாள்.

மேசையில் தலையைச் சாய்த்தாள். சாய்க்க மட்டும்தான். கண்ணை மூடக் கூடாது.

&nbsp;

விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது.

போச்சு. எல்லாம் போச்சு.

தலையைத் தூக்கினாள். பக்கத்தில் முக்காலியைப் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன் தூங்கினான். அவன் நெற்றி வேர்த்திருந்தது.

மாமியாரின் வலது கை மவுஸின் மேல் இருந்தது. அடிப்பிடிக்காமல் கஞ்சி கிண்டுகிற அதே நிதானத்தில் அது சுற்றிச் சுற்றி வந்தது.

அம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னா கேப்பாகன்னு சொன்னியே."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "நடுவுல கை அமுங்கிருச்சும்மா. அந்தப் பிள்ளை நகந்துட்டா. திருப்பி இழுத்துப் பாத்தேன், வரமாட்டேங்கா."

சுகந்தி பார்த்தாள்.

அப்பளப் பெண் பாக்கெட்டின் ஓரத்துக்குப் போயிருந்தாள். பாதி முகம் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு கண். பாதிச் சிரிப்பு. ஒரு கையில் அப்பளம். நடுவில் வெறும் சிவப்பு. அப்பளத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிற பிள்ளைபோல இருந்தாள்.

அவள் தலைமேல் மஞ்சள் அம்பு நின்றது.

"இதுங்க. இதைத்தானுங்க இத்தனை நாளா கேட்டுட்டு இருந்தேன்."

அதன் கீழே அரவிந்தன் எழுதியிருந்தான். "சூப்பர் சுகந்தி. ஓகே ஆயிடுச்சு. நீங்க பொறுமையா நகர்த்தி நகர்த்திப் பார்த்ததை நானும் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்."

சிரிக்க வேண்டும்போல இருந்தது. அழுகைதான் வந்தது.

மாமியாரின் கை நின்றுவிட்டது. "எதுவும் கெட்டுப்போச்சா?"

"இல்லத்தை."

இன்னொரு வரி வந்து விழுந்தது. "அடுத்து ஊறுகாய் பாட்டில். ஃபைல் போட்டுட்டேன். இருக்கீங்களா?"

மாமியார் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் அவசரமாக மவுஸை அசைத்தாள்.

சுகந்தி பையனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மாமியார் தரவில்லை. மேசையைக் கண்ணால் காட்டினாள்.

சுகந்தி தலையைச் சாய்த்தாள்.

"இடது பக்கம் அமுக்கிடாம ஓட்டுங்க அத்தை."

கண்ணை மூடிய பிறகு சொன்னாள்.

"அமுக்கினாலும் பரவாயில்ல."