ஏழு லீவர் பூட்டு

தாராவி வீட்டின் கதவில் புதுப் பூட்டு ஒரு கீறல்கூட விழாமல் தொங்குகிறது. "ஏழு லீவர், யானை இழுத்தாலும் அசையாது" என்று சொல்லித்தான் சயான் மார்க்கெட்டுக் கடைக்காரர் விற்றார். பொய்யில்லை, அசையவில்லை. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வெயிலுமுத்து சாவி போட்டுத் திறக்கிறார். உள்ளே, யாரோ வெட்டி மடக்கிய பின்பக்கத் தகரத்தின் வழியே மாலை வெயில் நுழைந்து, தையல் மெஷின் இருந்த இடத்தில் விழுகிறது. அங்கே எண்ணெய்க் கறையும் நூல் துண்டுகளும்தான் கிடக்கின்றன. தலையில் வைத்த பூ வாடாத மனைவி செண்பகவல்லி, பாதி தைத்த ரவிக்கை ஒன்றை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வாசலிலேயே நிற்கிறாள்.

"தகரச் சத்தம் கேட்டுச்சு மதினி. எப்பவும் 'வீட்டப் பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான போவிய? இன்னைக்குச் சொல்லலியா, நீங்கதான் உள்ள இருக்கியன்னு நெனச்சிட்டேன்."

பூட்டு இருக்கிறதே என்றுதான் செண்பகவல்லி சொல்லாமல் போனாள். போலீஸ் சௌக்கிக்குக் கிளம்பும்போது வெயிலுமுத்து கதவைச் சாத்தி, அதே பூட்டைப் போட்டு, இழுத்தும் பார்க்கிறார். இரண்டடி நடந்த செண்பகவல்லி இசக்கியம்மாளிடம் திரும்புகிறாள்.

"வீட்டப் பாத்துக்கிடுங்க மதினி."