வெள்ளிக்கிழமைத் துரத்தல்

பதினோராயிரத்து நானூறு ரூபாய். அதற்காகத்தான் ஷாகுல், பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் தோல் மண்டி முதலாளி கஃபார் பாயின் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். பழைய இரும்புக் கடையைத் தாண்டி, செடி விற்கிற சந்துக்குள் பாய் நுழைந்துகொண்டார்.

போன நோன்பு மாதத்தில் கைமாறிய பணம். ஏழு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் இதே ஓட்டம். மூட்டை தூக்கிய உடம்பு இப்போது பத்தடிக்கு ஒருமுறை நில் என்கிறது. திங்கட்கிழமை தாம்பரத்தில் நெஞ்சு ஆபரேஷன். அதற்குள் கணக்கு தீர்ந்தாக வேண்டும்.

காலையில் மகள் ஷபீனா இங்கிலீஷ் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய ஷாகுல் எட்டிப் பார்த்தார்.

“சேஸ்னா இன்னாம்மா?”

“துரத்துறது அத்தா. நாய் பூனையை சேஸ் பண்ணுது. பாக்கிக்காக விடாம அலையறதையும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“அப்ப எழுதிக்கோ. எங்க அத்தா கஃபார் பாயை சேஸ் பண்றாரு.”

அவள் சிரிக்கவில்லை. “மெதுவா போங்க அத்தா” என்றாள்.

ரோஜாச் செடிகளுக்கு நடுவே பாய் மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் வழி இல்லை.

“துட்டுன்னா குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே பாய்?” என்றாள் செடிக்கார பாலாம்பாள். “பாவம், அந்தாளு நெஞ்சைப் புடிச்சிகினு வர்றாரு.”

பாய் ஒரு பெரிய தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

“இன்னா பாய், என்னைப் பாத்தா பேய் மாதிரி கீதா?” என்றார் ஷாகுல்.

“அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா. ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு.”

“ஜும்மா முடிஞ்சி ஒரு மணி நேரமாச்சு. திங்கக்கெழம எனக்கு நெஞ்சு ஆபரேஷன் பாய்.”

பாயின் முகம் மாறியது. “ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?”

“நீங்க நின்னாத்தானே சொல்றதுக்கு!”

ஷாகுல் சட்டைக்குள் கைவிட்டார். வியர்வையில் நனைந்த நோட்டுக்கட்டை எடுத்து பாயிடம் நீட்டினார்.

“பொழச்சி வர்றேனோ இல்லியோ. கடனோட கபுர்க்குழிக்குள்ள போய்ப் படுக்க முடியாது. எண்ணிக்கோங்க.”

கஃபார் பாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சும்மா குடுத்தா நீ தொட மாட்டியேன்னுதான் கடன்னு பொய் சொன்னேன். மன்னிச்சுடு ஷாகுல். அது கடன் இல்ல, இல்லாதவங்களுக்கு நான் குடுத்தாக வேண்டிய என் ஜகாத்து.”