வாரம் ஒரு பொய்

வாரத்துக்கு ஒருமுறை, எந்த நாள் என்று சொல்லாமல், வகுப்புத் திரையில் ஒரு பொய்ச் செய்தி வரும். சரிபார்க்காமல் நம்புகிறவர்களுக்கு மதிப்பெண் குறையும். மூன்று வருடமாக அந்தப் பொய்களைத் தயாரிப்பவள் ஆசிரியை மங்கையர்க்கரசி.

இன்று வீட்டிலிருந்து திரை வழியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரை உடைவதைப் பார்த்தாள். பள்ளிக்குத் தண்ணீர் போய்ச்சேரப் பத்து நிமிடம்கூட ஆகாது. தரைத்தளத்தில் இருப்பது அவள் வகுப்பு மட்டும்தான்.

"மொட்டை மாடிக்கு ஓடுங்க! ஏரி உடைஞ்சிடுச்சு!"

ஒருவரும் அசையவில்லை.

"போன வாரம் தீ, இந்த வாரம் தண்ணியா மிஸ்?" என்றாள் ஜெசிந்தா. வகுப்பே சிரித்தது.

"சத்தியமா! ஜன்னலைக் காட்டுறேன், பாருங்க!"

"வீடியோவை நம்பாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"டேய், இது மிஸ்ஸே இல்லடா, போலி வீடியோ," என்றான் இனியவன். "மிஸ் அழ மாட்டாங்க."

மங்கையர்க்கரசி கன்னத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. தன் முகத்தையும் குரலையும், கடைசியில் தன் பயத்தையும்கூட, இவர்களிடம் செல்லாததாக்கியவள் அவளேதான். உண்மையைச் சொல்ல அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. எல்லாருக்கும் நூத்துக்கு நூறு. மொட்டை மாடியில பிரியாணி வெச்சிருக்கு. முதல்ல போறவங்களுக்குத்தான் லெக் பீஸ்."

ஒருவர்கூடச் சரிபார்க்கவில்லை. பெஞ்சுகள் சாய, வகுப்பு கூச்சலிட்டபடி படியேறி ஓடியது.